நாற்பது வில் தூரம்

என் அண்ணி பயப்படாத பொருள் என்று ஒன்று இந்த உலகத்தில் இன்னும் தயாராகவில்லை. லிஃப்ட் என்றால் பயம். குக்கர் விசில் என்றால் பயம். பட்டப்பகலில் போன் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயம். நாள் முழுக்க அடிக்காவிட்டால் அதைவிடப் பெரிய பயம். எதற்கெடுத்தாலும் "ஐயோ" என்றுதான் வாயைத் திறப்பாள். அதனால் தெருவில் அவளுக்கு 'ஐயோக்கா' என்றே பேர் நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட வாசலில் நின்று "ஐயோக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். அவளும் "ஐயோ, என்ன தபால்?" என்றபடி வருவாள்.

நான் அவளுடைய நாத்தனார். அண்ணன் மனைவியைக் கேலி செய்வது நாத்தனாரின் பிறப்புரிமை. அதை நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட எனக்கு மாடி அறை. கீழே முன்கூடத்தில் அண்ணியின் சலவைத் தொழில். மூன்று பெரிய வாஷிங் மெஷின்கள், ஒரு நீள மேஜை, என் இஸ்திரிப் பெட்டி, கூரைக்கும் சுவருக்கும் குறுக்கே நெடுக்கே கட்டிய கொடிகள். கூடத்தைத் தாண்டினால் உள்ளறை. அங்கே பகலில் என் அண்ணன் தூங்குவான். இரவு பஸ் ஓட்டுகிறவன். காலையில் வந்து சாப்பிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலில் விழுந்தால் சாயங்காலம்தான் மனிதனாவான்.

அண்ணி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. பக்கத்து ஆஸ்பத்திரியில் போர்வை துவைக்க ஆள் தேடினார்கள் என்று, யாரோ கழித்துக்கட்டிய பழைய மெஷின் ஒன்றை அண்ணன் தூக்கி வந்தான். அது தண்ணீரைப் பிழியச் சுற்றத் தொடங்கினால் வீடே அதிரும். அண்ணி பட்டனை அமுக்கிவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். அது ஓய்ந்த பிறகு முதலில் தலையை நீட்டிப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே காலை வைப்பாள். "மெஷின் உங்களைத் துவைச்சுப் போட்டுடாது அண்ணி" என்று நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாட்கள் அவை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயம்தான் அவளைத் தொழிலில் நிறுத்தியது. சட்டைப்பையில் பிளேடு இருக்குமோ என்று ஒவ்வொரு பையாகத் துழாவுவாள். சாயம் போய்விடுமோ என்று ஓரத்தை நனைத்துப் பார்ப்பாள். ஊசி இருக்குமோ, ஊக்கு இருக்குமோ என்று போர்வையைத் தடவித் தடவியே மடிப்பாள். எங்களிடம் வந்த துணி ஒன்றுகூடக் கெட்டுப் போனதில்லை. இரண்டு லாட்ஜும் ஒரு ஆஸ்பத்திரியும் இந்தத் தெருவை விட்டு வேறெங்கும் துணி போடுவதில்லை.

வீட்டுக்குள்ளே மட்டும் அந்தப் பயத்துக்கு மரியாதை கிடையாது. கேஸ் வாடை வருகிறது என்று அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்புவாள். பக்கத்து வீட்டில் வெங்காயம் கருகியிருக்கும். திருடன் என்று எழுப்புவாள். காலண்டர் காற்றில் படபடத்திருக்கும். மின்விசிறி விழப்போகிறது என்று எழுப்பிய அன்று அண்ணன் கைகூப்பிக் கும்பிட்டான். "தாயே, வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா மட்டும் எழுப்பு. அதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டு எழுப்பு" என்றான். அவன் எழுந்திருக்கும் விதமும் ஒரு தினுசு. மெதுவாக எழத் தெரியாது. படுத்த இடத்திலிருந்து ஒரே துள்ளு. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் தொம்மென்று விழும். கனத்த உடம்பு. மாடியில் என் டம்ளர் ஆடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான், எங்கள் தெருமுனையில் ஒரு செங்கல் லாரி வந்து நின்றது.

நின்றது என்று சொல்வது தப்பு. பின்சக்கரம் சாலைக்குள் இறங்கியது. டிரைவர் குதித்துத் தப்பினார். லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி செங்கல் உள்ளே கொட்டியது. கொட்டிய செங்கல் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது என்று டீக்கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். சாலைக்கு அடியில் ஒரு கிணறு. வட்டமான கல் கிணறு. அதன் வாயை யாரோ எந்தக் காலத்திலோ கல்பலகை போட்டு மூடி, மண் போட்டு, மறந்துவிட்டார்கள். இத்தனை நாளும் அதற்கு மேல்தான் நாங்கள் எல்லோரும் போய் வந்துகொண்டிருந்தோம்.

அண்ணி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் வழக்கம்போலச் சிரித்தேன்.

கிணற்றின் உள்சுவரில் ஒரு கல்லில் எழுத்து இருந்தது. அதைப் படிக்க ஓர் அம்மா வந்தார்கள். பழைய கல்வெட்டு படிப்பதுதான் அவர்கள் வேலை. பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். தெரு உடனே அவர்களுக்குக் 'கல்லம்மா' என்று பேர் வைத்துவிட்டது. கயிற்றில் தொங்கிய விளக்கு வெளிச்சத்தில் படித்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கூட்டத்துக்கே விளக்கினார்கள். சமண வணிகர்கள் சிலர் வழிப்போக்கர்களுக்காக வெட்டிய கிணறு. ஆனால் ஒன்றல்ல, ஜோடிக் கிணறு. இதன் வாய் இரண்டு வில் அகலம். இதன் நடுவிலிருந்து சூரியன் மறையும் திசையில், நாற்பது வில் தூரத்தில், இதே அளவில் இன்னொன்று.

சூரியன் மறையும் திசையில் எங்கள் வீட்டு வரிசை இருந்தது.

தெரு அங்கே கொஞ்சம் வளைகிறது. நேராகக் கோடு போட்டால் அது சாலையில் போகாது. வீடுகளின் உள்ளறைகள் வழியாகப் போகும். கடைசியில் ரொட்டிக்கடைக்காரர்தான் கேட்டார். "வில்லுன்னா எவ்வளவும்மா?"

"சமணர் கணக்கு கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். எட்டு ஈர் சேர்ந்தா ஒரு பேன். எட்டு பேன் சேர்ந்தா ஒரு யவம், அதாவது ஒரு பார்லி மணியோட நடுப்பக்க அகலம். எட்டு யவம் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண், ரெண்டு சாண் ஒரு முழம், நாலு முழம் ஒரு வில். ரெண்டாயிரம் வில் ஒரு காவதம், நாலு காவதம் ஒரு யோசனை." அவர்கள் கண்ணாடியைத் துடைத்தார்கள்.

"ஆக, நம்ம தலையெழுத்தைப் பேன்ல இருந்து அளக்கணும்" என்றேன் நான். ஒரு சிரிப்பு எழுந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது. நாற்பது வில்லை அவள் விரலாக்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் நகராட்சியிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்தார். நல்ல பையன், ஆனால் அவசரக்காரர். கல்லம்மாவுக்குப் போன் போட்டு, "ஒரு வில் எத்தனை மீட்டர் மேடம்?" என்று கேட்டார். அவர்கள் எங்கோ பயணத்தில் இருந்தார்கள் போல. ஒரு விரல் ஏறத்தாழ ஒன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர், தொண்ணூற்றாறு விரல் ஒரு வில், ஆக ஒன்று புள்ளி எட்டு இரண்டு மீட்டர் என்று சொன்னார்கள். என்ஜினீயர் பெருக்கினார். எழுபத்து மூன்று மீட்டர். டேப்பை இழுத்துக்கொண்டே போனார்கள். ரொட்டிக்கடையைத் தாண்டியது. எங்கள் வீட்டைத் தாண்டியது. எங்களுக்கு அடுத்த கம்பவுண்டர் வீட்டு உள்ளறையில் போய் நின்றது.

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்கள் வீடாக இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கம்பவுண்டர் முகம் செத்துப் போயிற்று. மனைவியையும் குழந்தைகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் மட்டும் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. தன் நான்கு விரலையும் ஸ்கேல் மேல் வைத்து அளந்தார். "பாருங்க, என் விரல் ஒண்ணே முக்கால்தான் வருது. எனக்கு வில் சின்னது. அப்ப கிணறு உங்க வீட்டுப் பக்கம்ல வருது?" என்றார். நான் விடுவேனா? என் விரலை வைத்தேன். இஸ்திரி போட்டுப் போட்டுத் தடித்த விரல். "எனக்கு ரெண்டுக்கும் மேல வருது. என் கணக்குப்படி உங்களையும் தாண்டி டீச்சர் வீட்டுக்குப் போகுது" என்றேன். டீச்சர் தன் வீட்டுக்காரரின் ஒல்லி விரலைக் கொண்டுவந்தார். அந்த வாரம் தெருவில் ஸ்கேல் கையில் இல்லாத ஆளே இல்லை. மெல்லிய விரல்காரன் கிணற்றைக் கிழக்கே தள்ளினான், தடித்த விரல்காரன் மேற்கே தள்ளினான். யாரும் தன் வீட்டுப் பக்கம் இழுக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் வீங்கிய விரலோடு நிம்மதியாக ரொட்டி சுட்டார். எப்படி அளந்தாலும் அவர் வீட்டைத் தாண்டித்தான் போனது.

அண்ணி தன் விரலை அளக்கவில்லை. அவள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மண்டியிட்டு, விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டி, காதை வைத்துக் கேட்பாள். கட்டில் காலை ஜன்னல் கம்பியோடு கொடிக்கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டாள். தரையில் சுவரிலிருந்து கட்டிலை நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அதைக் காட்டி, "இது போன மாசம் இருந்துச்சா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அது நான் பொறந்தப்பவே இருந்துச்சு அண்ணி. என்ஜினீயர் அளந்து, அடுத்த வீடுன்னு சொல்லிட்டாரு. நீங்க ஏன் இல்லாத கிணத்தை இழுத்து வச்சுக்கிறீங்க?"

"ஐயோ, அடுத்த வீடுன்னா எவ்வளவு தூரம்மா? ஒரு சுவர்தானே?" என்றாள். அண்ணனையும் எழுப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறக்காமலே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டான். அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் சுற்றும்போது மட்டும் சுவரில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள்.

கிரேன் வந்து லாரியைத் தூக்கிய பிறகு, கம்பவுண்டர் வீட்டு உள்ளறையில் துளைபோடும் இயந்திரத்தை இறக்கினார்கள். எங்கள் உள்ளறைக்கும் அதற்கும் நடுவில் ஒற்றைச் சுவர். காலையில் அது ஓடத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் பாத்திரமெல்லாம் பேசியது. கொடியில் கிடந்த போர்வைகள் நடுங்கின. அண்ணன் மட்டும் பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு தூங்கினான். மத்தியானம் வரை தோண்டினார்கள். கெட்டி மண், அதற்கடியில் பாறை. கிணறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாப்பாட்டுக்காக இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

அண்ணி வாசலுக்குப் போய் கம்பவுண்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். கொடியில் போட வேண்டிய, சொட்டச் சொட்ட இருந்த ஒரு திரைச்சீலையைத் தோளில் போட்டபடியே, நான் மடித்த துணிகளை உள்ளறை அலமாரியில் வைக்க எடுத்துக்கொண்டு போனேன். திரைச்சீலையிலிருந்து தண்ணீர் தரையில் ஒழுகியது. துடைக்கலாம் என்று குனிந்தேன். துடைக்கத் தண்ணீர் இல்லை.

விரிசல் மயிரிழையாக இல்லை. என் விரல் நுனி போகும் அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. ஒழுகிய தண்ணீர் அத்தனையும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. நான் அப்படியே குனிந்து நின்றேன். இயந்திரம் நின்றதால் வீடு அமைதியாக இருந்தது. அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம், கீழே, ரொம்பக் கீழே, ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது.

பயம் என்றால் என்ன என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணியிடம் பார்த்துச் சிரித்த பொருளைத்தான் பயம் என்று நினைத்திருந்தேன். கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தினால் அண்ணன் துள்ளி எழுவான் என்பதும் தோன்றியது. அவன் கட்டில் காலுக்கு அடியில்தான் அந்த விரிசல் போய் முடிந்தது. மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து, கூடத்தைத் தாண்டி, தெருவுக்கு வந்து நின்றேன். வாயிலிருந்து பேச்சு வரவில்லை.

தெருவில் கல்லம்மா என்ஜினீயரிடம் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் டேப்.

"நீங்க போன்ல எதுக்குன்னு சொல்லலையே! நான் பொதுவான கணக்கைச் சொன்னேன். சமண நூல்ல விரல் ஒண்ணு இல்ல, மூணு. உடம்போட உயரத்தை அளக்க ஒரு விரல், அது மாறாத விரல். நான் சொன்னது அதுதான். தீவு, கடல் எல்லாம் அளக்க அதைப் போல ஆயிரம் மடங்கு பெரிய விரல். கிணறு, குளம், வீடு இதுக்கெல்லாம் அந்தந்தக் காலத்து மனுஷனோட சொந்த விரல். இது கிணறு. சொந்த விரல்லதான் அளந்திருப்பாங்க."

"யாரோட சொந்த விரல் மேடம்? செத்துப் போனவன் விரலுக்கு நான் எங்க போவேன்?" என்றார் என்ஜினீயர்.

"போக வேணாம். கிணத்து வாய் ரெண்டு வில்லுன்னு அவனே எழுதி வச்சிருக்கான். லாரியும் செங்கல்லும் கிடந்ததால இத்தனை நாள் வாயை அளக்க முடியல. இப்பத்தான் அளந்துட்டு வரேன். மூணு மீட்டர் முப்பத்தாறு சென்டிமீட்டர். அவனோட வில் ஒண்ணு புள்ளி ஆறு எட்டுதான். நாற்பது வில் எழுபத்து மூணு இல்ல. அறுபத்தேழு."

என்ஜினீயர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டர் வீட்டைப் பார்த்தார், அங்கிருந்து ஒரு வீட்டு அகலம் கிழக்கே கண்ணை நகர்த்தினார். எங்கள் வாசலில் வந்து நின்றது பார்வை. காலை முழுக்கத் தவறான வீட்டில் துளை போட்டு, சரியான வீட்டை அதிரவைத்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்த நொடியை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

"தரை திறந்திருக்கு," என்றேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "கீழ தண்ணி இருக்கு. சொட்டு விழுறது கேட்டுச்சு."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"எங்க அண்ணன். தூங்குறான்."

என்ஜினீயர் இரண்டு கையையும் விரித்து எங்கள் வாசலை மறித்தார். இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று கம்பவுண்டர் வீட்டைப் பார்த்துக் கத்தினார். தீயணைப்பு ஆட்களுக்குப் போன் போட்டார். பலகை, ஏணி எல்லாம் கொண்டு வருவார்கள், அரைமணி நேரம் ஆகும், அதுவரை ஒரு ஆளும் உள்ளே போகக்கூடாது என்றார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. விரலை அளந்தவர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அண்ணி "ஐயோ" என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"அரைமணி நேரம் அவர் படுத்திருக்க மாட்டாருங்க," என்றாள் என்ஜினீயரிடம். "இந்த நேரத்துல தண்ணி குடிக்க எழுந்துப்பாரு. எழுந்தா ரெண்டு காலையும் ஒண்ணா வச்சுக் குதிப்பாரு."

"இங்க இருந்தே கூப்பிட்டு எழுப்புங்கம்மா."

"காதுல பஞ்சு. கேக்காது. கேட்டாலும் குதிச்சுத்தான் எழுந்துப்பாரு."

"நான் போறேன்" என்றேன். சொன்னேனே தவிரக் கால் நகரவில்லை. அண்ணி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "நீ வராத. உன் எடை உனக்கே தெரியும்" என்றாள். அந்த நேரத்திலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அண்ணி செருப்பைக் கழற்றினாள். என்ஜினீயர் கை நீட்டுவதற்குள் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

வாசலில் நின்றால் கூடமும், உள்ளறைக் கதவும், கட்டிலும் ஒரே நேராகத் தெரியும். அவள் நடுக்கூடத்தில் நடக்கவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து போனாள். மெஷின்களைத் தாண்டினாள். உள்ளறைக் கதவில் ஒரு கணம் நின்றாள். விரிசலைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நின்றுவிடுவாள், திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பிவிடக் கூடாதே என்றும், திரும்பி வந்துவிட வேண்டுமே என்றும் ஒரே நேரத்தில் வேண்டினேன். அவள் சுவரோரமாகவே போய்க் கட்டிலின் தலைப்பக்கம் சேர்ந்தாள். அவன் நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்து அழுத்தினாள். இன்னொரு கையால் அவன் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"எழுந்திருங்க. காலைக் கீழ வைக்காம, சுவர்ப் பக்கமா நகந்து இறங்குங்க."

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னைக்கு என்ன? கேஸா, திருடனா?" என்றான். அது வாசல்வரை கேட்டது.

"கிணறு. நம்ம அடியிலதான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும், ராத்திரி வண்டி எடுக்கணும்" என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

இங்கிருந்து கத்தலாமா என்று வாயைத் திறந்தேன். கல்லம்மா என் வாயைப் பொத்தினார்கள். கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. தரையிலிருந்து ஒரு பொருக்கு உதிர்ந்து உள்ளே விழும் சத்தம் கேட்டது, கூழாங்கல் உருள்வது போல. அதற்கப்புறம் தண்ணீரில் விழுந்தது.

இப்போது கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. அவனைப் பிடித்து உலுக்கவில்லை. மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தூக்கிக் கட்டிலின் மேலேயே மடக்கிக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

போர்வை அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் ஓரம் கீழே இறங்கியது. அண்ணனின் கண் தெரிந்தது. தன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தான். அவ்வளவு வருஷத்தில் அவளை அப்படி அவன் பார்த்ததில்லை. அவன் முகம் வெளுத்ததை நான் வாசலிலிருந்தே கண்டேன்.

"எந்தப் பக்கம் இறங்கணும்?" என்று கேட்டான்.

அவள் சுவரைக் காட்டினாள். கனத்த மனுஷன், வாழ்நாளில் முதல்முறையாகக் குழந்தையைப் போல உருண்டு, சுவர்ப் பக்கமாகக் காலை இறக்கினான். அவள் முன்னால், அவன் பின்னால், இருவரும் கையைக் கோத்துக்கொண்டு முதுகைச் சுவரில் தேய்த்தபடி வந்தார்கள். நான்கு எட்டில் கடந்துவிடும் அந்தக் கூடம் ஒரு யோசனை நீளமாக எனக்குத் தோன்றியது. வாசலைத் தாண்டியதும் நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க, ஓவென்று அழுதேன். அவன் என்னைத் தட்டிக்கொடுத்தபடியே அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் தீயணைப்பு ஆட்கள் சுவரிலிருந்து சுவருக்குப் பலகை போட்டு, கட்டிலைக் கயிற்றால் தூக்கி வெளியே எடுத்தார்கள். கட்டில் இருந்த இடத்தில் ஒரு கம்பியை இறக்கினார்கள். ஒரு சாண் ஆழம்தான் அது கல்லில் முட்டிக்கொண்டு இறங்கியது. அப்புறம் கையை விட்டு நழுவியது. மூடியிருந்த கல்பலகை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. என்ஜினீயர் டேப் நுனியில் ஒரு இரும்பைக் கட்டி உள்ளே விட்டார். டேப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கையில் சுருள் கரைந்துகொண்டே வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்த வீட்டில் நாங்கள் குடியிருக்க முடியாது என்று அவர் சொன்னார். மெஷின்களை ஒவ்வொன்றாகச் சுவரோரமாக நகர்த்தி எடுத்துத் தரச் சொல்கிறேன் என்றார். அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. அண்ணி கம்பவுண்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முன்னால் போய்த் தரையில் குந்தினான்.

"கீழ கிணறுன்னு தெரிஞ்சும், அதுக்கு மேல வந்து உக்காந்தியே. ஏன்டி?"

அண்ணிக்கு அப்போதுதான் நடுக்கம் எடுத்தது. பல் கிட்டித்தது. கல்லம்மா தன் சால்வையை அவள் மேல் போர்த்தினார்கள். அண்ணன் அவள் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தான். அவன் கேட்ட கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது.

"நீங்க எழுந்திருக்க மாட்டேன்னுட்டீங்க. அப்ப நான் வேற எங்க போய் உக்கார்றது?"